சித்திரவதையும் அதன் வரைவிலக்கணமும்

ஒரு பொருளை ஏனைப் பொருள்களினின்றும் பிரித்துக் காட்டும் கூற்றே வரைவிலக்கணம் எனப்படும். அதற்கு நேரக்கூடிய குற்றங்கள் மூன்று எனத் தருக்க நூலார் கூறுவர். குறித்த பொருளின் ஒரு பகுதியை மாத்திரம் தழுவி மறுபகுதியை விட்டுவிடுதல் அவ்வியாத்தி. குறியாத பொருளையும் தழுவி நிற்றல் அதிவியாத்தி. குறித்த பொருளில் எங்குமே காணப்படாமை அசம்பவம். பசுவுக்கு இலக்கணம் கபில நிறம் என்பது முதலாவதற்கும், கொம்புடைமை என்பது இரண்டாவதற்கும், ஒற்றைக் குளம்புடைமை என்பது மூன்றாவதற்கும் மாணாக்கர்க்குக் காட்டப்படும் உதாரணங்களாம்.

பசுவின் இலக்கணத்திற் பிழை நேர்ந்தால் அதனாற் பசுவுக்கு யாதொரு தீங்கும் இல்லை. ஆயின், சில சொற்களின் இலக்கணத்தில் நேரும் பிழை, காவலில் இருக்கும் மனிதன் ஒருவனது உடம்பின்மேல் வந்து விழும். சித்திரவதை என்பது அத்தகைய சொல்லாகும். சித்திரவதை நன்று என வெளிப்படையாக வாதிக்கும் அரசு இன்று உலகில் இல்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 5ஆம் உறுப்புரை அதனை விலக்கியது. 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமைச் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரையும் விலக்கியது. ஆதலின், ‘செய்தல் தகுமோ’ என்னும் வினா ஒருவாறு முடிவுற்றது. ‘செய்யப்பட்டது சித்திரவதைதானோ’ என்னும் வினாவே இப்பொழுது எஞ்சி நிற்கின்றது. அரசுகளும் ஆணைக்குழுக்களும் நீதிமன்றங்களும் அச்சொல்லுக்குக் கூறிய இலக்கணங்களைத் தருக்க நூலார் காட்டிய குற்றங்களைக் கொண்டு சோதித்துப் பார்த்தல் பயனுடைத்து.

முதற்கண் சொல்லை நோக்குக. வதை என்பது பழைய வழக்கிற் கொலையையே குறித்தது. கும்பகருணன் வதைப் படலம், சூரபன்மன் வதைப் படலம் என்னும் பெயர்கள் அதற்குச் சான்று. சித்திரம் என்பது ஈண்டு ஓவியத்தைக் குறியாது, பலவகைப்பட்டது என்னும் பொருளைத் தரும். அருத்தசாத்திரம் மரண தண்டனையைச் சுத்தம் எனவும் சித்திரம் எனவும் இருவகையாகப் பகுத்தது. வேதனை கூட்டாது கொல்லுதல் சுத்தம். பலவகை வேதனை கூட்டிக் கொல்லுதல் சித்திரம். இவ்வாறு பிறந்த சொல்லாதலின், அதனைக் கேட்குந்தோறும் மனம் இரத்தத்தையும் சிதைந்த உறுப்புக்களையும் தேடுகின்றது. மேனாட்டார் வழங்கும் சொல்லும், முறுக்குதல் என்னும் பொருளுடைய இலத்தீன் அடியினின்று பிறந்ததாகலின், அவர் மனமும் முறுக்கப்பட்ட அவயவத்தையே முதலில் எண்ணுகின்றது. சொல்லின் பிறப்பே இவ்வாறு அவ்வியாத்திக்கு வழிகோலிவிட்டது. காயம் காணப்படாத இடத்திற் சித்திரவதையும் இல்லை என்னும் எண்ணம் இதன் பயனாகும்.

அருத்தசாத்திரத்தின் வேறோர் அத்தியாயம் இவ்வெண்ணத்தைத் திருத்த உதவும். குற்றம் செய்தான் என வலுவாக ஐயுறப்படுபவனை வருத்தி வினாவுதலை அந்நூல் அனுமதிக்கின்றது. சிறுவர், முதியோர், பிணியாளர், பித்தர், பசியாலும் தாகத்தாலும் வழிநடையாலும் களைத்தோர் முதலாயினாரை அதனின்றும் விலக்குகின்றது. அனுமதித்த அதே இடத்திலே ஆணி மாண்டவ்வியர் வரலாற்றையும் எச்சரிக்கையாக எடுத்துக் காட்டுகின்றது. பாரதத்தில் வரும் மாண்டவ்வியர் மௌன விரதம் பூண்டு, வினாவிய காவலர்க்கு விடை கூறாது கழுவேறியவர். அருத்தசாத்திரம் கூறும் மாண்டவ்வியரோ, வேதனைக்கு அஞ்சி, கள்வர் அல்லராயிருந்தும் ‘யான் கள்வன்’ என ஒப்புக்கொண்டவர். இவ்வேறுபாடு சிந்திக்கற்பாலது. பிற்கூறிய வரலாற்றில் முனிவர் வாயினின்றும் பொய்யை வருவித்தது வரப்போகும் வேதனையைப் பற்றிய அச்சமே. அவர் உடம்பில் அதுவரை எவ்வளவு நோவு நிகழ்ந்தது என்பது வினாவே அன்று. மறுக்கும் ஆற்றல் அவரிடத்து இல்லாதொழிந்தது என்பதே செய்தி. அனுமதி வழங்கிய நூலே அதன் பயனின்மைக்கும் சான்று வைத்துச் சென்றது.

தமிழ் வழங்கும் நிலத்திலேயே இச்சொல்லுக்குப் பொருள் காண நேர்ந்த சந்தர்ப்பம் ஒன்று உளது. சென்னை மாகாணத்தில் நிலவரி தண்டும் பொருட்டும், குற்றத்தை ஒப்புவிக்கும் பொருட்டும் மக்கள் வதைக்கப்படுகின்றனர் என்னும் முறைப்பாட்டை ஆராய 1854இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 1855இல் தன் அறிக்கையை வெளியிட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நோர்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். கிட்டி, அண்ணாந்தாள் என்னும் தமிழ்ச் சொற்கள் இரண்டு அவ்வறிக்கை வாயிலாக ஆங்கில அரசாங்க ஏட்டிற் புகுந்தன. இரு கோல்களுக்கிடையே விரல் முதலியவற்றை வைத்து நெரித்தல் கிட்டி. கழுத்தின்மேலும் கால்விரல்களின் கீழும் துணியையோ கயிற்றையோ செலுத்தி, ஒருவனைக் குனிந்த நிலையிற் பிணித்து வைத்தல் அண்ணாந்தாள். இவற்றோடு வெயிலில் நிறுத்தல், உணவுக்கும் இயற்கைக் கடனுக்கும் செல்லவிடாது தடுத்தல், கிள்ளுதல், அறைதல் என்பனவும் அப்பட்டியலில் இடம்பெற்றன.

அண்ணாந்தாள் என்பது திண்ணைப் பள்ளிக்கூடங்களிற் பிள்ளைகளுக்கு இடப்பட்ட ஒரு தண்டனையின் பெயராகவும் வழங்கியது. பள்ளியில் அது கண்டிப்பு எனப்பட்டது. வரி தண்டுவோன் கையில் அதுவே வதை என எழுதப்பட்டது. நோவின் அளவைக் கொண்டு மாத்திரம் இவ்விரண்டையும் வேறுபடுத்தல் அரிது. யார் கையில், எதன் பொருட்டு, தப்பிச் செல்லும் வழியுண்டோ இன்றோ என்பவற்றைக் கொண்டே வேறுபாடு காணப்பட்டது. வெயிலில் நிறுத்தலைப் போன்ற சிறு செயலும் அப்பட்டியலில் ஏறியதற்குக் காரணம், அஃது ஏழைக் குடியானவன் மடியிலிருந்த பணத்தையோ வாயிலிருந்த சொல்லையோ பறிக்கும் கருவியாயிருந்தமையே. இம்மட்டில் 1855ஆம் ஆண்டின் அறிக்கை பிற்காலத்தார் பலரினும் தெளிவுடையது எனலாம். அதன் குறை பிறிதோரிடத்து உளது. பழி முழுவதையும் சுதேச சிற்றதிகாரிகள் மேற் சுமத்தி, ஐரோப்பிய மேலதிகாரிகளை அது விடுவித்தது. வரி குறையாது வரல்வேண்டும் என விதித்தவனை விட்டு, விரலை நெரித்தவனை மாத்திரம் பிடிக்கும் இலக்கணம் பாதி இலக்கணமேயாகும்.

இனி இவ்வாராய்ச்சிக்கு நடுநாயகமாயமைந்த வழக்கினை நோக்குவது பொருந்தும். 1971 ஓகஸ்ட் 9ஆந் திகதி வட அயர்லாந்தில் விசாரணையின்றித் தடுத்துவைக்கும் முறை தொடங்கப்பட்டு, ஏறத்தாழ 350 பேர் ஒரே நாளிற் கைதாயினர். அவருள் 12 பேரும், ஒக்டோபரில் மேலும் இருவருமாகப் பதினால்வர் வேறிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஐந்து உத்திகளுக்கு ஆளாக்கப்பட்டனர். கைவிரல்கள் தலைக்குமேலே சுவரிற் பதிய, கால்களை அகற்றிப் பின்தள்ளி, உடலின் பாரம் விரல்களில் தங்கும்படி மணிக்கணக்காக நிறுத்துதல், கறுப்புத் துணிப்பையினால் தலையை மூடுதல், இடையறாத இரைச்சலுள் வைத்தல், உறக்கத்தைத் தடுத்தல், உணவையும் நீரையும் குறைத்தல் என்பன அவை. இவை திடீரென்று தோன்றியவையல்ல. பாலஸ்தீனம், மலாயா, கென்யா, சைப்பிரஸ், ஏடன் முதலிய பிரித்தானிய ஆட்சிப் புலங்களிற் கையாளப்பட்டு வளர்ந்தவை என்பதைப் பிரித்தானிய அரசு நியமித்த குழுவின் அறிக்கையே கூறிற்று.

அப்பதினால்வர்க்கு நிகழ்ந்தது யாது என்பதிற் பெரிய கருத்து வேறுபாடு இருக்கவில்லை. அதற்கு இடத்தக்க பெயர் யாது என்பதே பிணக்காயிற்று. 1971 நவம்பரில் வெளிவந்த கொம்ப்டன் அறிக்கை, உடல்சார்ந்த தகாத நடாத்துகை நிகழ்ந்தது என ஏற்றுக்கொண்டது. கொடுமை நிகழவில்லை என்றது. பிறனது வேதனையில் இன்பமோ அசட்டையோ உடையவனாய் வருத்துபவனே கொடுமை செய்தவன் என அது பொருள் கொண்டமையே காரணம். இவ்விலக்கணத்தின்படி, முகமலர்ச்சியின்றிக் கடமையாக வருத்துபவன் கொடியவன் ஆகான். வருந்தியவனது உடம்பை நோக்கவேண்டிய இலக்கணம், வருத்தியவனது மனத்துள் ஒளிந்துகொண்டது. 1972 மார்ச்சில் வெளிவந்த பார்க்கர் குழுவின் அறிக்கையிற் பெரும்பான்மையினர், தக்க காப்புக்களோடு அவ்வுத்திகளைக் கையாளலாம் என்றனர். கார்டினர் பிரபு தனித்து நின்று, அவை சட்டத்துக்கும் ஒழுக்கத்துக்கும் மாறானவை என எழுதினார். பெரும்பான்மையோர் கூற்றை விட்டு, அத்தனி மனிதரின் கூற்றுக்கு இசையவே பிரதமர் ஹீத், இனி அவ்வுத்திகள் வழங்கா எனப் பாராளுமன்றத்தில் அறிவித்தார்.

அயர்லாந்துக் குடியரசு தொடுத்த வழக்கில், ஐரோப்பிய மனித உரிமை ஆணைக்குழு 1976இல் ஐந்து உத்திகளும் ஒருங்கு சேர்ந்து சித்திரவதையாம் என ஏகமனதாக முடிவு செய்தது. பிரித்தானியா அம்முடிவை நீதிமன்றத்தின் முன் மறுத்து வாதாடவும் இல்லை. எனினும், 1978 ஜனவரி 18ஆந் திகதி ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வேறொரு முடிவைக் கூறிற்று. அவை மனிதத்தன்மையற்றனவும் இழிவானவுமான நடாத்துகை என 16 நீதிபதிகள் கொண்டனர், ஒருவர் மறுத்தார். அவை சித்திரவதை அல்ல என 13 பேர் கொண்டனர், நால்வர் மறுத்தனர். சித்திரவதைக்கும் மனிதத்தன்மையற்ற நடாத்துகைக்கும் உள்ள வேறுபாடு, விளைந்த துன்பத்தின் கடுமையிலேயே பெரும்பாலும் தங்கியுள்ளது என்பது தீர்ப்பின் மையக் கருத்து. ஐந்து உத்திகளால் விளைந்த துன்பம் அச்சொல் சுட்டும் கடுமையை எய்தவில்லை என்று கூறி நீதிமன்றம் அமைந்தது.

இத்தீர்ப்பை ஒரு நூலாகக் கொண்டு ஆராயுமிடத்து, அதன் முற்பகுதியும் முடிவும் தம்முள் இணங்காமை புலனாகும். உத்திகள் முன்கூட்டியே திட்டமிடப்பட்டவை, ஒருங்கு சேர்த்து மணிக்கணக்காகப் பிரயோகிக்கப்பட்டவை, கடுமையான உடல் உளத் துன்பத்தை விளைத்தவை, குற்ற ஒப்புதலையும் பிறர் பெயர்களையும் தகவலையும் பெறுதற்காகவே கையாளப்பட்டவை என்பன தீர்ப்பிலேயே காணப்படுகின்றன. எண்ணம், முறை, நோக்கம், அதிகாரம் ஆகிய நான்கும் உள்ளன எனக் கண்ட பின்னர், ஐந்தாவதாகிய கடுமை போதாது எனக் கூறி முழுவதையும் தள்ளிவிடுதல் எங்ஙனம் பொருந்தும்? அக்கடுமைக்கு அளவுகோல் யாது என்பதும் கூறப்படவில்லை. நிறுத்தலளவைக்கு நிறைகோல் உண்டு. நீட்டலளவைக்கு முழக்கோல் உண்டு. பிறனது நோவை அளக்கும் கோல் எவர் கையிலும் இல்லை. இல்லாத கோலைக் கொண்டு அளந்தமையால், இலக்கணம் நீதிபதியின் கற்பனை ஆற்றலைப் பொறுத்ததாயிற்று.

மறுத்த நால்வருள் ஒருவராகிய மாட்செர் கூறிய காரணம் ஆழமானது. முறை நுட்பமாகுந்தோறும், தன் நோக்கத்தை அடைதற்கு அது விளைக்கவேண்டிய நோவு குறைந்துகொண்டே போகும் என்பது அவர் கருத்து. எவ்ரிகெனிசும் இதனோடு இயைந்தே, உடல் நோவோடு ஒப்புமை குறைந்ததாய், மனித ஆளுமையைச் சிதைக்கும் புதிய துன்ப வகைகள் தோன்றியுள்ளன என்றார். இதனை ஏற்றுக்கொண்டால், கடுமையை மாத்திரம் நோக்கும் இலக்கணம் விபரீதமான ஒரு பயனைத் தரும். கைதேராதவன் நகத்தைப் பிடுங்கிச் சித்திரவதை செய்தவனாவான். கைதேர்ந்தவன் துணிப்பையாலும் இரைச்சலாலும் அதே வாக்குமூலத்தைப் பெற்று, அப்பெயரினின்றும் தப்புவான்.

எனினும், எதிர்ப்பக்கத்து நியாயத்தையும் அதன் முழு வலிமையோடு கூறுதல் திறனாய்வின் கடமையாகும். மனிதத்தன்மையற்ற நடாத்துகை என்பதையும் ஏற்க மறுத்த ஒரே நீதிபதியாகிய பிற்ஸ்மொறிஸ், இவற்றையும் சித்திரவதை என அழைப்பின், நகத்தைப் பிடுங்குதலையும் கழுவேற்றுதலையும் மின்னடுப்பில் வாட்டுதலையும் என்ன பெயரிட்டு அழைப்பது என வினவினார். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. சொல்லைக் கண்டபடி விரித்தால் அதன் கூர் மழுங்கும். காவலிற் கூறப்பட்ட ஒவ்வொரு கடுஞ்சொல்லும் சித்திரவதையானால், சித்திரவதை என்னும் சொல் ஒருவரையும் திடுக்கிடச் செய்யாது. அவர் அஞ்சியது அதிவியாத்தியை, அவ்வச்சம் நேர்மையானதே.

ஆயின், அவ்வச்சத்துக்கு விடையும் உண்டு. பெரும் பொருளைக் கவர்ந்ததும் களவு. சிறு பொருளைக் கவர்ந்ததும் களவு. வேறுபாடு தண்டனையின் அளவிற் காட்டப்படுகின்றதேயன்றிப் பெயரை மறுத்துக் காட்டப்படுவதில்லை. கழுவேற்றம் சித்திரவதையுள் மிகக் கொடியது எனக் கூறுதற்குத் தடையில்லை. சொல் எல்லைமீறி விரியாதபடி காக்கும் வரம்பு, நோக்கத்திலும் காவலிலும் உளது. வினாவுதல், வாதித்தல், தந்திரமாகப் பேசுதல் என்பன கைதியைச் சங்கடப்படுத்தினும், மௌனமாயிருக்கும் ஆற்றலை அவனிடத்தே விட்டுவைப்பன. உடம்பின் வாயிலாகவோ உறக்கத்தின் வாயிலாகவோ அச்சத்தின் வாயிலாகவோ அவ்வாற்றலை முறித்தல் வேறு வகை. எழுந்து செல்ல முடியாத ஒருவனது விருப்பத்தை முறித்தற்கு எவ்வளவு துன்பம் போதுமோ அவ்வளவே கடுமையான துன்பம் எனக் கொள்ளின், இலக்கணம் குன்றவும் மாட்டாது, மிகவும் மாட்டாது.

1978ஆம் ஆண்டின் தீர்ப்பு ஏட்டளவில் நின்றுவிடவில்லை. இஸ்ரேலில் 1987ஆம் ஆண்டின் லாண்டா ஆணைக்குழு, விசாரணையில் ‘மிதமான உடல் அழுத்தம்’ பிரயோகிக்கலாம் என்றது. 2002 ஓகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்க நீதித் திணைக்களத்திற் பைபீ கையொப்பமிட்ட குறிப்பு, உறுப்புச் செயலிழப்பு, உடற்றொழிற் கேடு, மரணம் என்பவற்றோடு சேர்ந்துவரும் நோவுக்கு ஒத்த நோவே சித்திரவதையாம் என எழுதிற்று. அச்சொற்றொடர் மருத்துவ உதவி வழங்குவது பற்றிய சட்டங்களினின்றும் எடுக்கப்பட்டது. நோயாளிக்கு உதவி எப்பொழுது கட்டாயமாகும் என்பதற்கு வகுத்த அளவு, கைதியை எதுவரை வருத்தலாம் என்பதற்கு அளவாக்கப்பட்டது. அயர்லாந்து வழக்கின் தீர்ப்பும் அக்குறிப்பில் துணையாக எடுத்தாளப்பட்டது. அதே நாளில் எழுதப்பட்ட மற்றொரு குறிப்பு, கைதியொருவர் மீது பிரயோகிக்க அனுமதித்த பத்து உத்திகளுள், நீரால் மூச்சடைக்கச் செய்தலோடு, சுவரோடு நிறுத்துதலும் உறக்கத்தைத் தடுத்தலும் இடம்பெற்றன. முதற்குறிப்பு 2004இல் மீளப்பெறப்பட்டது. அதற்கிடையே அது செய்யவேண்டியதைச் செய்துவிட்டது. இஸ்ரேலிய உயர்நீதிமன்றம் 1999 செப்டெம்பரிற் கூறிய தீர்ப்போ வேறு வழி சென்றது. பெயர் பற்றிய பிணக்கில் நீண்டு நில்லாது, அத்தகைய உடல்வழி முறைகளைக் கையாளுதற்கு விசாரணையாளர்க்கு அதிகாரமே இல்லை என்று கூறி அவற்றைத் தடுத்தது. எனினும், அவசியத்தின் பொருட்டுச் செய்தோம் எனப் பின்னர் எதிர்வாதம் கூறுதற்கு ஒரு வாயிலை அது திறந்தே விட்டது.

ஐக்கிய நாடுகள் சபை 1984இல் ஏற்றுக்கொண்ட சமவாயத்தின் 1ஆம் உறுப்புரை, கடுமையை விடாது, நோக்கத்தையும் அரச அதிகாரியின் தொடர்பையும் உடன் வைத்தது. செய்வித்தவனையும், இசைந்தவனையும், கண்டும் வாளாவிருந்தவனையும் தழுவியமையால், 1855ஆம் ஆண்டின் அறிக்கை விட்ட குறையை அது நிரப்பிற்று. ‘உடல் சார்ந்ததோ உளம் சார்ந்ததோ ஆகிய கடும் நோவு அல்லது துன்பம்’ என்பது அதன் பொருள். இச்சமவாயத்துக்கு இயைய இலங்கையில் நிறைவேறிய 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம், நோவு என்பதை வைத்துக்கொண்டு, துன்பம் என்பதை விட்டுவிட்டது. ஐக்கிய நாடுகளின் சித்திரவதைக்கு எதிரான குழுவும் இவ்விடுபாட்டைச் சுட்டியுள்ளது. நோவும் துன்பமும் ஒன்றல்ல என்பது தமிழ் பயில்வோர்க்கு விரித்துரைக்க வேண்டியதன்று. இரைச்சலும் இருளும் உறக்கமின்மையும் நோவெனப்படுதல் அரிது. அவை துன்பமல்ல என எவரும் கூறார். ஒரு சொல் விடுபட்டமையால், ஐந்து உத்திகளை ஒத்தவை அனைத்தும் ஐயத்துக்கு இடமாயின. அவ்வியாத்திக்கு இதனினும் தெளிவான உதாரணம் காண்டல் அரிது.

இவ்விடத்திற் பழைய சட்டம் ஒன்றன் மதிநுட்பம் நினைவுகூரத்தக்கது. 1895ஆம் ஆண்டின் இலங்கைச் சான்றுக் கட்டளைச்சட்டம், 1872ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தைப் பின்பற்றி, பொலிஸ் உத்தியோகத்தர்க்குக் கூறப்பட்ட குற்ற ஒப்புதலைக் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு எதிராக எண்பிக்கலாகாது என 25ஆம் பிரிவில் விதித்தது. எவ்வளவு அடித்தார்கள், எவ்வளவு நொந்தது என்று அச்சட்டம் வினவவில்லை. அவன் எவர் கையில் இருந்தான் என்பதை மாத்திரமே வினவிற்று. நோவை அளக்கும் கோல் இல்லை என்பதை உணர்ந்த சட்டம் அது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, தன் 16ஆம் பிரிவினால், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கூறிய ஒப்புதலைச் சான்றாக்கிற்று. அஃது அச்சுறுத்திப் பெறப்பட்டது எனக் காட்டும் சுமையையும் கூறியவன் மேலேயே ஏற்றிற்று. மூடிய அறையில் நிகழ்ந்ததை, அதன் கடுமையை, சாட்சியற்ற கைதியே எண்பித்தல் வேண்டும் என்றாயிற்று. மாண்டவ்வியர் தாம் கள்வர் அல்லர் என்பதைக் கழுவின்மேல் இருந்துகொண்டே நிறுவுக என்பதனோடு இஃது ஒக்கும்.

சொல்லின் பொருள் காலத்தோடு உயரும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றமே பின்னர் ஏற்றுக்கொண்டது. 1999இல், பிரான்சுக்கு எதிரான செல்மூனி வழக்கில், முன்னர் மனிதத்தன்மையற்றவை எனப்பட்ட செயல்கள் இனிச் சித்திரவதை எனப்படலாம் என்றது. ஐந்து உத்திகளைப் பிரயோகிக்கும் முடிவு அமைச்சர்களாலேயே எடுக்கப்பட்டது என்னும் கருத்தமைய, உள்நாட்டமைச்சர் றீஸ் 1977இற் பிரதமர்க்கு எழுதிய கடிதம் 2014இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அயர்லாந்து, புதிதாக வெளிப்பட்ட ஆவணங்களைக் காட்டி, பழைய தீர்ப்பைத் திருத்துமாறு வேண்டிற்று. நீதிமன்றம் 2018 மார்ச் 20ஆந் திகதி, ஆறுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மையால் மறுத்துவிட்டது. 2021 டிசம்பரில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம், இன்றைய அளவையின்படி அவ்வுத்திகள் சித்திரவதையெனவே கொள்ளப்படும் எனக் கூறிற்று. ஆயின், 1978ஆம் ஆண்டின் தீர்ப்பு ஏட்டில் மாறாது நிற்கின்றது.

ஐம்பது ஆண்டுகளில் அவ்வுத்திகள் மாறவில்லை; சுவரும் துணிப்பையும் இரைச்சலும் அவையே. மாறியது அவற்றுக்கு இட்ட பெயர். பெயர் வருவதற்குள் அப்பதினால்வருட் சிலர் மறைந்தும் போயினர். வரைவிலக்கணம் என்பது வகுப்பறையில் மாணாக்கன் மனனம் செய்து ஒப்புவிக்கும் பாடம் மாத்திரம் என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். துன்பத்தின் கடுமையைக் குற்றவாளிக்குரிய தண்டனையை அளத்தற்குக் கொள்க. செயலின் பெயரைத் துணிதற்கு நோக்கத்தையும் காவலையும் முறிக்கப்பட்ட விருப்பத்தையும் கொள்க. அவ்வாறு கொள்ளுமிடத்து, எவ்வளவு நொந்தது எனக் கைதியை வினவுதல் ஒழிந்து, அவனை எதன் பொருட்டு அவ்வாறு நிறுத்தினீர் எனக் காவலனையும், காவலனை ஏவியவனையும் வினவுதல் தொடங்கும்.